பாதியில் நிற்க வேண்டிய வேலை

"நீ ஏத்தவே இல்லண்ணா. ஏத்தியிருந்தா விளக்கு இந்நேரம் இந்தப் பக்கமா ஓடியிருக்கும்."

"மூணு தடவை ஏத்திட்டேன். ஒயர் என் கையிலதான இருக்கு? நீ எழுதினது வேலைக்கு ஆகல. அதை ஒத்துக்க மட்டும் உனக்கு வாய் வராது."

"நான் எழுதினது சரி."

"அப்ப நான் என்ன, ஒயர் சொருகத் தெரியாதவனா?"

"சொருகத் தெரியும். பொறுமைதான் கிடையாது. பாதி சொருகிட்டு பட்டனை அமுக்கியிருப்ப. போன மாசமும் அதைத்தான பண்ண?"

"போன மாசத்தை இப்ப எதுக்குடி இழுக்கற?"

எங்கள் பட்டறையில் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால்கூட இந்தப் பக்கம் கேட்கும். நான் முன்னறையில் அலுமினியப் பட்டையை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். சண்டை போடுவது என் மனைவியும் அவளுடைய அண்ணனும். அதாவது என் மச்சான். இருபத்திரண்டு வருடமாக இந்த இரண்டு பேர் சண்டையைக் கேட்கிறேன். நடுவில் போனால் இரண்டு பேரும் சேர்ந்து என் மேல் பாய்வார்கள். அதனால் அரத்தைக் கொஞ்சம் மெதுவாகத் தேய்த்தேன், அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்கு நடந்தது சாதாரணச் சண்டை இல்லை. என்ன விஷயம் என்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் விளக்குப் பட்டைகள் செய்கிறோம். கடைப் பலகையில் எழுத்து ஓடும், அம்புக்குறி ஓடும், அந்த மாதிரி வேலை. பட்டை வளைப்பது, துளை போடுவது, பெயின்ட் அடிப்பது என் பொறுப்பு. ஒயர் இணைப்பதும் கொண்டுபோய் மாட்டுவதும் மச்சான் பொறுப்பு. விளக்கு எப்படி எரிய வேண்டும் என்று பெட்டிக்குள் எழுதி வைக்கிற புரோகிராம் வேலையை வெளியாள் ஒருவர் செய்துவந்தார். தடித்த கண்ணாடி போட்டிருப்பார், நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். நல்ல மனிதர். ஆனால் இன்றைக்கு வருகிறேன் என்றால் நாளை மறுநாள் வருவார்.

என் மனைவி அதற்கு முன்னால் சட்டை தைக்கிற கம்பெனியில் பிழை பார்க்கிற வேலையில் இருந்தாள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை அவள் கண் வழியாகப் போகும். கம்பெனி மூடியபோது அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. பட்டறைக்கு வந்து பார்சல் கட்ட உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் வேலை செய்யும்போது பின்னால் நின்று பார்ப்பாள். ஒரு நாள் அவர் போன பிறகு, "ஏங்க, இதுவும் ஒரு மாதிரி தையல்தாங்க. எங்க குத்தணும், எங்க நிறுத்தணும், அவ்ளோதான்" என்றாள். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தாள். நீளமான நோட்டு ஒன்று வாங்கினாள். இரண்டு வருடம் படித்தாள். நான் முதலில் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு அவள் கண்ணாடிக்காரர் எழுதியதிலேயே ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். அன்றோடு சிரிப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது செய்துகொண்டிருந்தது கண் ஆஸ்பத்திரிக்கான வேலை. ஆரம்பம் முதல் முடிவு வரை அவளே எழுதிய முதல் வேலை. கண்ணில் மருந்து விட்ட பிறகு ஒரு மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும் இல்லையா? அப்படிப்பட்டவர்கள் காத்திருக்கும் அறையிலிருந்து பரிசோதனை அறைக்கு யார் கையும் பிடிக்காமல் போக வேண்டும். நடைபாதைச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு விளக்குப் பட்டை. நாற்பத்தொரு விளக்கு. ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து 'இப்படி வா, இப்படி வா' என்று கூட்டிக்கொண்டு போகும்.

எந்த விளக்கு எந்த நேரத்தில் எரிய வேண்டும் என்பதற்கு விளக்குக்கு ஒன்றாக நாற்பத்தொரு எண்கள். அவை பெட்டிக்குள் வரிசையாக இருக்கின்றன. முதல் எண் பெட்டிக்குப் பக்கத்து விளக்குக்கு, அடுத்த எண் அடுத்த விளக்குக்கு. இந்த எண்களைச் சும்மா போடவில்லை. நானும் அவளும் இரண்டு நாள் அந்த நடைபாதையில் உட்கார்ந்து, தவழ்ந்து, நடந்து பார்த்துப் போட்டோம். ஓர் இடத்தில் பாதை திரும்புகிறது. அங்கே விளக்கு நிதானமாகப் போக வேண்டும். இல்லையென்றால் ஆள் வேகமாகப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு நான்தான் முட்டிப் பார்த்தேன்.

மச்சான் பட்டையை மாட்டப் போனார். காத்திருக்கும் அறைப் பக்கம் பெட்டி வைப்பதாகப் பேச்சு. அங்கே போனால் கரண்ட் எடுக்கிற இடத்தை மறைத்துப் பெரிய அலமாரியை நிறுத்தி வைத்திருந்தார்கள். மச்சான் யாரையும் கேட்கவில்லை. பெட்டியைப் பரிசோதனை அறைப் பக்கம் வைத்து அங்கிருந்து ஆரம்பித்து பட்டையை ஒட்டிவிட்டு வந்துவிட்டார். பசை போட்டு. பிய்த்தால் சுவரும் சேர்ந்து வரும்.

விளக்கைப் போட்டால் பரிசோதனை அறையிலிருந்து வாசல் பக்கமாக ஓடுகிறது.

"வந்தவங்களை வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுதுண்ணா" என்றாள் இவள்.

"உனக்கென்ன, பெட்டிக்குள்ள திருப்பி எழுது. ரெண்டு நிமிஷ வேலைன்னு கண்ணாடிக்காரர் சொல்லுவார்" என்றார் அவர்.

சரி, எண்களைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதல் எண் கடைசிக்குப் போக வேண்டும், கடைசி எண் முதலுக்கு வர வேண்டும். ஆனால் அந்தப் பெட்டி சின்னது. இன்னொரு நாற்பத்தொரு எண்ணைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு மாற்ற இடம் கிடையாது. இருக்கிற இடத்திலேயே மாற்ற வேண்டும். கூடுதலாக ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் இடம் இருந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிற லூப் போட்டு இவள் எழுதினாள். மச்சான் அதை ஒயர் வழியாகப் பெட்டிக்குள் ஏற்றினார். பட்டறைச் சுவரில் அதே நாற்பத்தொரு விளக்கோடு ஒரு சோதனைப் பட்டை வைத்திருக்கிறோம். அதில் ஓட்டிப் பார்த்தால் பழையபடியே ஓடியது. கொஞ்சம்கூட மாறவில்லை.

அன்றைக்கு மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியின் கட்டடப் பொறுப்பாளர் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாளே மச்சான் சொல்லிவிட்டார்: "மதியத்துக்குள்ள சரியாகலன்னா நான் கண்ணாடிக்காரரைக் கூப்பிடுவேன். அதுக்கப்புறம் எல்லா வேலையும் அவர்கிட்டயேதான். உன்னை வச்சுப் பரீட்சை பண்ணிப் பார்க்க முடியாது." சொன்னால் செய்கிற ஆள். என் மனைவியின் இரண்டு வருடம் அன்றைக்கு மதியத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. விளக்கு திரும்பி ஓடினால் அவள் நாற்காலி கம்ப்யூட்டர் முன்னால். ஓடாவிட்டால் மறுபடியும் பார்சல் மேஜை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சண்டை நின்றுபோயிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அரத்தை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"ஏங்க, நீங்க பார்த்துக்குங்க, நீங்கதான் சாட்சி" என்றாள் மனைவி. "ஆரம்பத்துல எல்லா விளக்கும் மூணு தடவை கண் சிமிட்டுற மாதிரி ஒரு வரி சேர்த்திருக்கேன். இப்ப இவர் ஏத்தட்டும். சிமிட்டலன்னா ஏத்தலன்னு அர்த்தம்."

"சிமிட்டினா?" என்றார் மச்சான்.

"சிமிட்டினா..." அவள் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

மச்சான் ஒயரைச் சொருகினார். சொருகியதை என்னிடம் காட்டினார், கோர்ட்டில் பொருளைக் காட்டுவது மாதிரி. பட்டனை அமுக்கினார்.

எல்லா விளக்கும் ஒன்றாக மூன்று தடவை சிமிட்டின. பிறகு வெளிச்சம் பழையபடி, அதே பக்கமாக ஓடியது.

"பார்த்துக்கிட்டீங்களா மாப்பிள்ளை? உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? இங்கதான இருக்கா" என்றேன்.

மச்சான் போனை எடுத்தார். அப்போது என் மனைவி செய்த காரியத்தைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். அழவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் இல்லை. பழைய கம்பெனியில் தையல் விட்ட சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாளே, அப்படி அந்த விளக்கு ஓடுவதைப் பார்த்தாள்.

"ஒயர் விஷயத்துல நான் சொன்னது தப்புண்ணா. மன்னிச்சிரு. அரை மணி நேரம் கொடு. அப்புறம் கூப்பிட்டுக்கோ."

தங்கை மன்னிப்புக் கேட்டு மச்சான் பார்த்ததில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார்.

அவள் என் பக்கம் திரும்பி, "உங்க ஸ்பேனர் எல்லாம் கொண்டாங்க. ஏழு போதும்" என்றாள்.

சின்னதிலிருந்து பெரிதாக ஏழு ஸ்பேனரை மேஜையில் வரிசையாக வைத்தாள். "ஏங்க, கையை நீட்டுங்க. உங்க உள்ளங்கைதான் அந்தக் கூடுதல் இடம். ஒண்ணுதான் வைக்கலாம்." முதல் ஸ்பேனரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கடைசி ஸ்பேனரை எடுத்து முதல் இடத்தில் வைத்தாள். என் கையில் இருந்ததை எடுத்துக் கடைசி இடத்தில் வைத்தாள். அடுத்து இரண்டாவதும் ஆறாவதும். பிறகு மூன்றாவதும் ஐந்தாவதும். நடுவில் இருந்தது அப்படியே இருந்தது. மூன்று மாற்றத்தில் வரிசை பெரியதிலிருந்து சின்னதாகத் திரும்பிவிட்டது.

"வருதே" என்றாள், யாரிடமோ சொல்வது மாதிரி.

"ஸ்பேனர் நல்லாத்தான் ஓடுது. ஆஸ்பத்திரியில ஸ்பேனரை ஒட்டிட்டு வந்துரலாமா?" என்றார் மச்சான் வாசற்படியில் சாய்ந்துகொண்டு.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மேஜையையே பார்த்தபடி, "நான் பண்ணக் கூடாது" என்றாள். "எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியாது. அண்ணா, இங்க வா. நீதான் பெட்டி."

"நான் எதுக்குப் பெட்டி?"

"சொன்னதை மட்டும்தான் செய்வேன்னு தினமும் நீதான சொல்ற? வா. ஏன்னு கேக்கக் கூடாது. போதும்னு நீயா நிறுத்தக் கூடாது. நான் காகிதத்துல எழுதியிருக்கறதைப் படிப்பேன், நீ செய்யணும்."

ஸ்பேனர்களை மறுபடியும் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்கினாள். மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். எதையோ தூக்கப் போகிறவர் மாதிரி. நான் உள்ளங்கையை நீட்டியபடி நின்றேன். அவள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தாள்.

"முன்னாலிருந்து எத்தனையாவதோ, அதையும் பின்னாலிருந்து அத்தனையாவதையும் இடம் மாத்து. ஒண்ணு."

மச்சான் மாற்றினார்.

"ரெண்டு."

மாற்றினார்.

"மூணு."

மாற்றினார். வரிசை அழகாகத் திரும்பி இருந்தது. "முடிஞ்சுது. என்னத்தைக் கண்டுபிடிச்ச?" என்றார்.

"காகிதத்துல முடியல. நாலு."

"நாலாவது நடுவுல இருக்கு. முன்னாலிருந்தும் நாலு, பின்னாலிருந்தும் நாலு."

"பெட்டி இப்படிப் பேசுமா? செய்."

மச்சான் நடு ஸ்பேனரை எடுத்து என் கையில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்ப எடுத்து அதே இடத்தில் வைத்தார். "இதுக்கு என்னை வேற வேலைக்குக் கூப்பிட்டிருக்கலாம்" என்றார்.

"அஞ்சு."

ஐந்தாவதில் கை வைத்தார். அதற்கு ஜோடி மூன்றாவது. கை அப்படியே நின்றது. "ஏய். இதை இப்பத்தான மாத்தினேன்?"

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். முகம் மாறிவிட்டது. அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. எனக்கு இன்னும் புரியவில்லை.

"செய்ண்ணா. அஞ்சு. ஆறு. ஏழு."

அவர் செய்தார். ஏழாவது முடிந்தபோது மேஜையில் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரிதாக, நாங்கள் முதலில் வைத்தபடியே இருந்தன. ஒன்றுகூட மாறாமல்.

மூன்று பேரும் மேஜை மேல் குனிந்து அந்த ஏழு இரும்பையும் பார்த்தோம். என் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"அப்ப பெட்டி திருப்பியிருக்கு" என்றார் மச்சான் மெதுவாக.

"ரெண்டு தடவை திருப்பியிருக்கு. போக ஒண்ணு, வர ஒண்ணு. எத்தனை விளக்கோ அத்தனை தடவைன்னு எழுதிட்டேன். பாதியோட நிறுத்தணும். ஒரு மாத்தத்துலயே ரெண்டு விளக்கு சரியாயிடுதே."

"அப்ப நான் ஒழுங்காத்தான் ஏத்தியிருக்கேன்."

"ஒழுங்காத்தான் ஏத்தியிருக்க."

"நீயும் திருப்புறதுக்கு ஒழுங்காத்தான் எழுதியிருக்க."

"எழுதியிருக்கேன். நிறுத்தத்தான் எழுதல."

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்தால் தோள் மட்டும்தான் குலுங்கும், சத்தம் வராது. "காலையிலருந்து ரெண்டு சரியான ஆளுங்க சண்டை போட்டிருக்கோம்" என்றார். இவளும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் நான் கையை மடக்கினேன்.

இதை ஏன் இவ்வளவு பெருமையாக எழுதுகிறேன் என்றால், தப்பு கண்ணுக்குத் தெரியாத தப்பு. ஏதாவது கோணலாக ஓடியிருந்தால் யாரும் கண்டுபிடிப்பார்கள். இது முழுசாக வேலை செய்து, அந்த வேலையை முழுசாக அழித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவள் தன்னை நம்பாமல் தன் காகிதத்தை நம்பினாள். தன் மூளையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பெட்டிக்கு எவ்வளவு மூளையோ அவ்வளவோடு பார்த்தாள். எனக்கு அது வராது. நான் மூன்றாவது ஸ்பேனரிலேயே 'சரியாத்தானே இருக்கு' என்று எழுந்து டீ குடிக்கப் போயிருப்பேன்.

ஒரே ஓர் இடத்தைத் திருத்தினாள். நாற்பத்தொன்றில் பாதி இருபதரை. அரையைப் பெட்டியே விட்டுவிடும், இருபது தடவை மாற்றும், நடுவில் இருக்கிற இருபத்தொன்றாவது விளக்குக்கு அதன் எண் அதிலேயே இருக்கும் என்று எனக்கு விளக்கிச் சொன்னாள். மச்சான் ஒயரைச் சொருகினார். இந்தத் தடவை யாரிடமும் காட்டவில்லை. விளக்குகள் மூன்று தடவை சிமிட்டின. பிறகு வெளிச்சம் சுவரின் அந்தக் கோடியில் ஆரம்பித்து எங்களைப் பார்த்து ஓடி வந்தது. திரும்புகிற இடத்துக்கான விளக்குகளில் நிதானித்தது. பிறகு மறுபடி வேகம் பிடித்து மச்சான் கையில் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"சிமிட்டுற வரியை எடுத்துரு, ஆஸ்பத்திரியில பயந்துருவாங்க" என்றார் மச்சான். அவருக்குப் பாராட்டத் தெரியாது. அதுதான் பாராட்டு.

இரண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். கட்டடப் பொறுப்பாளர் உயரமான அம்மா. கையில் எப்போதும் ஒரு பட்டியல் வைத்திருப்பார், அதில் சரி போடுவதைவிடத் தப்பு போடுவதில்தான் அவருக்கு விருப்பம் என்று மச்சான் சொல்லியிருந்தார். அந்த அம்மா காத்திருக்கும் அறையிலிருந்து ஒரு பெரியவரைப் போகச் சொன்னார். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள் அவருக்கு. கூட யாரும் இல்லை.

பெரியவர் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். முழங்கால் உயரத்தில் வெளிச்சம் அவருக்கு முன்னால் ஓடியது, அவர் அதன் பின்னால் போனார். திரும்புகிற இடம் வந்தது. விளக்கு நிதானித்தது. அவரும் நிதானித்தார். கையைச் சுவரோடு திருப்பி, உடம்பைத் திருப்பி, மறுபடி நடந்தார். பரிசோதனை அறை வாசலில் போய் நின்று, "வந்துட்டேன், உள்ள வரலாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். தன்னை யாரோ கூட்டி வந்தார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

பொறுப்பாளர் அம்மா பட்டியலில் ஏதோ குறித்தார். "இதே மாதிரி மாடியிலயும் வேணும். அங்க வேற பக்கமாப் போகும். உங்களுக்கு யார் எழுதித் தர்றாங்க?"

இந்தக் கேள்விக்கு மச்சான் எப்போதும் சொல்கிற பதில் எனக்கு மனப்பாடம். 'நமக்கு ஒரு ஆள் இருக்காருங்க.' இவள் சின்னச் சின்னதாகத் திருத்தம் செய்து கொடுத்த ஐந்து பலகைகளுக்கும் அதைத்தான் சொன்னார். இவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "என் தங்கச்சிதாங்க. இதோ நிக்கிறாங்களே, இவங்கதான் எழுதினாங்க. எந்தப் பக்கம் போகணும்னு இவங்ககிட்டயே சொல்லிருங்க."

'இவங்க' என்றார். பிறந்ததிலிருந்து 'ஏய்' தவிர வேறு ஒன்றும் சொல்லாத வாய்.

என் மனைவி முந்தானையைச் சரி செய்துகொண்டு, கொஞ்சம்கூடத் திணறாமல், "பெட்டியில சின்னதா ஒரு சுவிட்ச் வச்சுடறேங்க. எந்தப் பக்கம் மாட்டினாலும் திருப்பிக்கலாம்" என்றாள். அப்படிச் சொல்லும்போது ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தாள். மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மச்சான் போனை எடுத்துக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டார். "ஐயா, ஒண்ணும் இல்ல, இனிமே நீங்க அலைய வேண்டியதில்ல... இல்ல இல்ல, எங்க வீட்டுலயே ஆள் இருக்காங்க... ஆமா, தங்கச்சிதான்... அட, நீங்க எழுதினதுலயே தப்புக் கண்டுபிடிச்சவதான்யா!" எதிர்முனையில் அவர் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. மாடி வேலையும் முடிந்துவிட்டது. பார்சல் மேஜையில் இப்போது நான்தான் உட்காருகிறேன். சுமாராகக் கட்டுகிறேன்.

இந்தக் குழுவில் புரோகிராம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வயதான பிறகு கற்றுக்கொண்டவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எழுதியது தப்பே இல்லாத மாதிரி ஓடி, கடைசியில் ஒன்றும் செய்யாமல் போன கதை உங்களுக்கு உண்டா? அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒரு வரியாக இருந்தாலும் பரவாயில்லை, கீழே எழுதுங்கள். அவளுக்கு இதில் எல்லாம் வந்து படிக்க நேரம் இல்லை. சாப்பிடும்போது நான் ஒவ்வொன்றாக அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.